புகார் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டோம், இனி வழி இருக்கிறதா?

கேள்வி: வெளிநாட்டில் வசிக்கும் என் அண்ணன் வீட்டில் சில வாரங்கள் தங்கிவிட்டு, கணவரோடும் ஐந்து வயது மகனோடும் ஊர் திரும்பினேன். போக வர ஒரே டிக்கெட். வரும் வழியில் ஓரிடத்தில் விமானம் மாறினோம். முதல் விமானம் ஒரு நிறுவனத்துடையது, இரண்டாவது வேறு நிறுவனத்துடையது. வியாழன் விடியற்காலையில் வந்து இறங்கியபோது மூன்று பெட்டிகளில் இரண்டுதான் பெல்ட்டில் வந்தன. புகார் கவுன்டரில் நீண்ட வரிசை. மகன் தோளிலேயே தூங்கிவிட்டான். காலையில் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை பேசியபோது, “விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் அறிக்கை பதியாததால் எங்களுக்குப் பொறுப்பில்லை, ஆனாலும் தேடிப் பார்க்கிறோம்” என்றார்கள். திங்கட்கிழமை பெட்டி வீட்டுக்கு வந்தது. கணவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். திறந்து பார்த்தால் ஓரம் கிழிந்திருக்கிறது, பூட்டு இல்லை. கணவரின் கேமரா, நான் வாங்கிய சில புதிய துணிகள், என் அண்ணி கையால் பின்னித் தந்த சால்வை ஆகியவற்றைக் காணவில்லை. கேட்டதற்கு, “பெட்டியைப் பழுது பார்த்துத் தருகிறோம். மின்னணுப் பொருட்களுக்கு எங்கள் விதிகளில் இடமில்லை. தவறு முதல் நிறுவனத்துடையதாக இருக்கலாம், அவர்களைக் கேளுங்கள்” என்று பதில் வந்தது. பயணக் காப்பீட்டு நிறுவனமோ, திரும்பும் பயணத்தில் லக்கேஜ் தாமதத்துக்குப் பணம் கிடையாது என்கிறது. அன்று வரிசையில் நிற்காதது எங்கள் தவறுதானா? இதை விட்டுவிடுவதுதான் நல்லதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த புதன்கிழமையே சுருக்கமாக ஒரு பதில் அனுப்பியிருந்தேன்: “மற்ற எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். காணாமல் போன பொருட்களையும் பெட்டியின் சேதத்தையும் எழுதி இன்றே இரண்டு நிறுவனங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்.” அன்று மாலையே அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு மின்னஞ்சலால் உங்கள் உரிமை பிழைத்துக்கொண்டது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதையும், இனி என்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

விட்டுவிட வேண்டாம். உங்களிடம் சொல்லப்பட்ட மூன்று காரணங்களும் சட்டத்தின் முன் நிற்கக்கூடியவை அல்ல. இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பலருடைய கோப்புகளை வழக்கறிஞராக நான் பார்த்திருக்கிறேன். களைத்துப்போய் வீடு வந்து சேர்ந்தவர்களிடம்தான் இந்தப் பதில்கள் சொல்லப்படுகின்றன. அவர்களும் நம்பி ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

பன்னாட்டு விமானப் பயணத்தில் பயணிக்கும் நிறுவனத்துக்கும் உள்ள உறவை இன்று பெரும்பாலான நாடுகளில் ஆள்வது 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை. 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன் 17ஆவது பிரிவு, ஒப்படைத்த லக்கேஜ் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த நேரத்தில் அழிந்தாலோ, தொலைந்தாலோ, சேதமானாலோ நிறுவனமே பொறுப்பு என்கிறது. நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளின் உள்ளார்ந்த குறைபாட்டால் நேர்ந்த சேதத்துக்கு மட்டுமே அந்தப் பிரிவு விலக்குத் தருகிறது. விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார் தந்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

அந்த உடன்படிக்கை கேட்பது வேறொன்று. 31ஆவது பிரிவின்படி, சேதத்தைக் கண்டவுடன் புகார் செய்ய வேண்டும். எப்படியும் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாட்களைத் தாண்டக் கூடாது. தாமதத்துக்கான புகார் என்றால், பெட்டி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாட்கள். இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். கெடுவுக்குள் அனுப்பியிருந்தாலே போதும், அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. நாட்கள் என்றால் நாட்காட்டி நாட்கள், வேலை நாட்கள் அல்ல. ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேரும். உங்களுக்குப் பெட்டி கிடைத்தது திங்கட்கிழமை, மின்னஞ்சல் போனது புதன்கிழமை. ஆகவே கெடுவுக்குள் நிற்கிறீர்கள்.

கெடுவைத் தவறவிட்டால் என்ன ஆகும்? நிறுவனம் மோசடி செய்திருந்தால் தவிர, வழக்கே போட முடியாது. 1980இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை, உங்களுடையதைப் போன்ற ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இத்தாலியில் விடுமுறையைக் கழித்துவிட்டு நாடு திரும்பிய ஒருவர், பெட்டியின் பக்கவாட்டு கிழிந்திருப்பதை விமான நிலையத்திலேயே கண்டு புகார் பதிந்தார். வீட்டுக்குப் போய்த் திறந்தபோது சட்டை, செருப்பு போன்ற சில பொருட்களும் இல்லை. பெட்டியைப் பற்றித்தான் புகார் கொடுத்தாயிற்றே என்று, உள்ளே இருந்தவற்றைப் பற்றி அவர் கெடுவுக்குள் எழுதவில்லை. உள்ளிருந்த பொருட்களில் ஒரு பகுதி தொலைவதும் சேதம்தான், அதற்கும் 7 நாட்களுக்குள் புகார் வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். பொருட்களுக்கான தொகை அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த வழக்கு மான்ட்ரியலுக்கு முந்தைய வார்சா உடன்படிக்கையின் திருத்தப்பட்ட வடிவத்தின் கீழ் நடந்தது. ஆனால் 7 நாள் கெடு அதிலும் இருந்தது, இதிலும் இருக்கிறது.

அந்த மனிதர் விமான நிலையத்தில் அறிக்கை பதிந்திருந்தும் தோற்றார் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் அறிக்கை பதியவில்லை, ஆனால் காணாமல் போனவற்றை எழுதிவிட்டீர்கள். சட்டத்தின் கண்ணில் அவரைவிட நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள்.

இன்னொரு சந்தேகமும் உங்களுக்கு எழலாம். வெள்ளிக்கிழமை தொலைபேசியில் சொன்னதே புகார் ஆகாதா? 2018இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், பயணி சொன்னதை ஊழியர் நிறுவனத்தின் கணினியில் பதிந்திருந்தால் அது எழுத்துமூலப் புகாராகும் என்று சொன்னது. பதிவான வாசகத்தைப் பயணி சரிபார்க்கவும், கெடுவுக்குள் திருத்தவும் முடிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தத் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே கட்டுப்படுத்தாது என்றாலும், வாதத்தில் எடுத்துக்காட்டலாம். ஆனால் வெள்ளிக்கிழமை நீங்கள் பேசியது பெட்டி வரவில்லை என்பதைப் பற்றி. கேமரா இல்லை என்பது அன்று உங்களுக்கே தெரியாது. அந்த அழைப்பு தாமதத்துக்குச் சாட்சியாகுமே தவிர, பொருள் இழப்புக்கு ஆகாது. அதனால்தான் மின்னஞ்சல் அவசியம் என்று அவசரப்படுத்தினேன்.

அப்படியானால் விமான நிலைய அறிக்கைக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. பி.ஐ.ஆர். என்று கவுன்டரில் சொல்லப்படும் அந்த அறிக்கை, பெட்டி உங்கள் கைக்கு வரும் முன்பே சிக்கல் நேர்ந்துவிட்டது என்பதற்கு வலுவான சாட்சி. அது இல்லாவிட்டால், வீட்டுக்குப் போன பிறகு ஏதோ நடந்திருக்கலாமே என்று வாதிட நிறுவனத்துக்கு இடம் கிடைக்கும். உங்கள் விஷயத்தில் அந்த வாதமும் எடுபடாது. பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து வீடு வரை கொண்டுவந்தது அவர்களேதான். வியாழனிலிருந்து திங்கள் வரை பெட்டி அவர்கள் பொறுப்பில் இருந்ததற்கு அவர்களுடைய தேடுதல் பதிவும் டெலிவரி ரசீதும் சாட்சி. அந்த இரண்டின் பிரதிகளையும் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் கணவர் போட்ட கையெழுத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். புகாரின்றிப் பெட்டியைப் பெற்றுக்கொண்டால் அது நல்ல நிலையில் வந்தது என்று முதல்நோக்கில் கருதப்படும், அவ்வளவுதான். நீங்கள் உரிய காலத்தில் புகார் எழுதிவிட்டீர்கள்.

இரண்டாவது காரணம், மின்னணுப் பொருட்களுக்குப் பொறுப்பில்லை என்பது. உடன்படிக்கையின் 26ஆவது பிரிவு, நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் எந்த ஒப்பந்த விதியும் செல்லாது என்கிறது. அவர்கள் தங்கள் இணையதளத்தில் எழுதி வைத்திருப்பது அதற்கு மேலானதல்ல. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் 2009இல், பன்னாட்டுப் பயணத்தில் ஒப்படைத்த லக்கேஜாக ஏற்றுக்கொண்ட பிறகு குறிப்பிட்ட வகைப் பொருட்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒட்டுமொத்தமாக விலக்க முடியாது என விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. எதிர்த்தரப்பு எடுக்கக்கூடிய ஒரு வாதத்தை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்: 20ஆவது பிரிவின்படி, பயணியின் கவனக்குறைவும் இழப்புக்குக் காரணம் என்று நிரூபித்தால் தொகையைக் குறைக்கலாம். விலையுயர்ந்த கேமராவைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போட்டீர்களே என்று அவர்கள் கேட்கக்கூடும். அதனால் தொகை சற்றுக் குறையலாம். பேசவே இடமில்லை என்று கதவைச் சாத்த அது போதாது.

மூன்றாவது, முதல் நிறுவனத்தைக் கேளுங்கள் என்பது. ஒரே ஒப்பந்தத்தில் பல நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சுமந்து செல்லும் பயணத்தில், லக்கேஜுக்காக முதல் நிறுவனத்தையும் கேட்கலாம், கடைசி நிறுவனத்தையும் கேட்கலாம், எந்தக் கட்டத்தில் இழப்பு நேர்ந்ததோ அந்த நிறுவனத்தையும் கேட்கலாம். அவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. 36ஆவது பிரிவு இது. தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல. கடைசி நிறுவனம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு முதல் நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

இனி, எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பார்ப்போம். உடன்படிக்கை தொகையை எஸ்.டி.ஆர். என்ற கணக்கில் சொல்கிறது. பன்னாட்டு நாணய நிதியம் டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஆகிய ஐந்து நாணயங்களைச் சேர்த்து மதிப்பிடும் அலகு அது. லக்கேஜுக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். இது பெட்டிக்கு இவ்வளவு என்ற கணக்கல்ல, ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு. எல்லாருக்கும் அப்படியே தூக்கிக் கொடுக்கும் தொகையும் அல்ல; உங்கள் இழப்பு எவ்வளவோ அவ்வளவுதான், அதுவும் இந்த வரம்புக்குள்.

ஆளுக்கு என்பதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. பெட்டியின் டேக் ஒருவர் பெயரில் இருந்தாலும், அதற்குள் இருந்த பொருட்கள் இருவருடையவை என்றால் இருவரும் தனித்தனியே கேட்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது. கேமராவைக் கணவர் பெயரிலும், துணிகளையும் சால்வையையும் உங்கள் பெயரிலும் பிரித்து எழுதுங்கள். பெட்டி யாருடையதோ அவர் பட்டியலில் பெட்டியைச் சேருங்கள்.

சாட்சி சேர்ப்பதுதான் இந்த வாரம் உங்களுக்கு முக்கியமான வேலை. கேமராவின் ரசீது இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வங்கி அல்லது அட்டைக் கணக்கில் வாங்கிய நாள் பதிவாகியிருக்கும். கேமரா வந்த அட்டைப்பெட்டியில் வரிசை எண் அச்சிடப்பட்டிருக்கும். அதுவும் இல்லையா? அந்தக் கேமராவில் எடுத்து கணினிக்கோ கைப்பேசிக்கோ மாற்றிய படம் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். பல கேமராக்கள் ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் தன் மாதிரிப் பெயரையும், சில வேளைகளில் வரிசை எண்ணையும், எடுத்த தேதியையும் பதிந்துவிடும். பயணத்தின் கடைசி நாட்களில் எடுத்த படமாக இருந்தால், கேமரா உங்களோடு அங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வரிசை எண் கிடைத்தால் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

எடையும் பேசும். பெட்டியை ஒப்படைத்தபோது கவுன்டரில் எடை போட்டிருப்பார்கள். அது அவர்களுடைய கணினியிலும், பல நேரங்களில் உங்களிடம் தந்த டேக் துண்டிலும் இருக்கும். வந்த பெட்டியை நீங்கள் இன்னும் முழுதாகக் காலி செய்யவில்லை என்றால், எல்லாவற்றையும் மீண்டும் உள்ளே வைத்து எடை போட்டுப் படம் எடுங்கள். இரண்டுக்கும் இடையே சில கிலோ வித்தியாசம் இருந்தால் அதை விளக்க வேண்டியது அவர்கள்தான். குடும்பத்தின் மூன்று பெட்டிகளையும் சேர்த்து ஒரே எடையாகப் பதிந்திருந்தால் மற்ற இரண்டின் எடையும் தேவைப்படும். அவற்றைக் காலி செய்துவிட்டீர்கள் என்றால் இந்த வழியை விட்டுவிடலாம். போர்டிங் பாஸ், டேக் துண்டு, பெட்டியில் ஒட்டியிருக்கும் டேக், கிழிந்த ஓரம், எதையும் தூக்கி எறிய வேண்டாம். பெட்டிக்குள் பாதுகாப்புச் சோதனை நடந்ததாகத் தெரிவிக்கும் தாள் ஏதும் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

புதிய துணிகளுக்கு ரசீது இருந்தால் முழு விலை கேளுங்கள். பழைய பொருளுக்கு நிறுவனங்கள் தேய்மானம் கழித்தே கணக்கிடும். அதில் பேரம் பேச வேண்டியிருக்கும். பெட்டியைப் பழுது பார்க்க முடியாது என்று ஒரு கடைக்காரர் எழுதித் தந்தால், புதிய பெட்டியின் விலையைக் கேட்கலாம்.

புதன்கிழமை அனுப்பியதற்குத் தொடர்ச்சியாக, இந்த அளவில் ஒரு கடிதம் போதும்:

“இன்ன தேதியில், இன்ன டிக்கெட் எண்ணில் பயணம் செய்தோம். இன்ன டேக் எண் கொண்ட பெட்டி எங்களோடு வந்து சேரவில்லை. இன்ன தேதியில் சேதமடைந்தும் பொருட்கள் குறைந்தும் ஒப்படைக்கப்பட்டது. இதை இன்ன தேதியில் எழுத்துமூலம் தெரிவித்தோம். மான்ட்ரியல் உடன்படிக்கையின் 17, 19, 36 ஆகிய பிரிவுகளின் கீழ், இணைத்துள்ள பட்டியலின்படி இன்ன தொகையைக் கோருகிறோம். பெட்டியின் தேடுதல் பதிவு, எடைப் பதிவு, டெலிவரி ரசீது ஆகியவற்றின் பிரதிகளை அனுப்பவும். 30 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறோம்.”

கோபத்தை இதில் சேர்க்க வேண்டாம். எண்ணும் தேதியும் போதும். 19ஆவது பிரிவு தாமதத்துக்கானது. அந்தப் பெட்டியில் தினசரி மருந்து இருந்து, பெட்டி வரும் வரை புதிதாக வாங்க வேண்டியிருந்தது போன்ற செலவு ஏதும் இருந்தால் இதன்கீழ் கேளுங்கள். வீட்டில் மாற்றுத் துணி இருக்கும் என்பதால், பயணத்தின் கடைசியில் நேரும் தாமதத்துக்குப் பெரிய தொகை கிடைப்பதில்லை. காப்பீட்டு நிறுவனம் மறுத்ததும் இதே காரணத்தால்தான். பல பாலிசிகளில் தாமதப் பலன் போகும் வழிக்கு மட்டுமே உண்டு. ஆனால் பொருள் இழப்பு என்பது பாலிசியில் வேறு பிரிவு. தாமதத்துக்கு மறுத்ததை வைத்து அதையும் மறுத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தப் பிரிவைப் படித்து, அதன்கீழ் தனியாகக் கோரிக்கை கொடுங்கள். ஒப்படைத்த லக்கேஜில் வைத்த கேமராவைச் சில பாலிசிகள் விலக்குகின்றன. துணிக்கு அந்தத் தடை இருக்காது. ஒரே பொருளுக்கு இரண்டு இடத்திலும் முழுப் பணம் வாங்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் சம்பவம் பயணத்தின் முடிவில் நேர்ந்ததில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. 33ஆவது பிரிவின்படி, வழக்கு தொடரக்கூடிய இடங்களில் ஒன்று பயணம் சென்றடையும் இடம். போக வர ஒரே டிக்கெட் என்றால், சட்டம் பார்க்கும் இறுதி இடம் நீங்கள் திரும்பி வந்த ஊர். உங்கள் நாடு உடன்படிக்கையில் சேர்ந்திருந்தால், நீங்கள் போய்வந்த நாடு சேராவிட்டாலும் உங்கள் பயணம் அதன்கீழ் வரும். ஆகவே கடைசி நிறுவனத்தின் தலைமையகம் எந்தக் கண்டத்தில் இருந்தாலும், உங்கள் நாட்டு நீதிமன்றத்திலேயே நிற்கலாம். தனித்தனியாக ஒருவழி டிக்கெட் வாங்குபவர்களுக்கும் திரும்பும் டிக்கெட்டின் இறுதி இடம் வீடுதான். ஆனால் நாடுகள் பற்றிய இந்த வசதி அவர்களுக்கு இல்லை, இரு நாடுகளும் சேர்ந்திருக்க வேண்டும்.

வழக்குக்கான கெடு இரண்டு ஆண்டுகள், விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்து. 35ஆவது பிரிவு. மின்னஞ்சல் போய் வந்துகொண்டிருக்கிறது என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்காது. “பரிசீலனையில் இருக்கிறது” என்ற பதிலை மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டு காலத்தைக் கடத்திவிடாதீர்கள். முப்பது நாளில் உருப்படியான பதில் இல்லையென்றால் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கும், நுகர்வோர் குறைதீர்க்கும் அமைப்புக்கும் எழுதுங்கள்.

வரிசையில் நிற்காதது தவறா என்று கேட்டிருந்தீர்கள். நின்றிருந்தால் வேலை எளிதாகியிருக்கும், உண்மை. ஆனால் இரவெல்லாம் பறந்து வந்து, தூங்கும் பிள்ளையைத் தோளில் சுமந்து நிற்கும் ஒருவர் வீட்டுக்குப் போக நினைத்ததை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: குடும்பத்தில் ஒருவர் பிள்ளையோடு வெளியே போய்க் காத்திருக்க, ஒருவர் மட்டும் நின்று அறிக்கை பதியலாம். பதிந்தால் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் பத்து இடங்கள் கொண்ட ஒரு குறிப்பு எண் தருவார்கள். அதை வாங்காமல் நகராதீர்கள். பல நிறுவனங்கள் இப்போது கைப்பேசியிலேயே பதிய விடுகின்றன. பெட்டி 21 நாட்களாகியும் வரவில்லை என்றால் அது தொலைந்ததாகக் கருதி முழு இழப்பைக் கேட்கலாம்.

சகோதரி, கடைசியாக இரண்டு விஷயங்கள். பெட்டியைப் பழுது பார்க்கும் சலுகையை ஏற்பதானால், “எல்லாக் கோரிக்கைகளுக்கும் இறுதித் தீர்வு” என்ற வாசகம் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அப்படி இருந்தால், “பெட்டிக்கு மட்டும், மற்றக் கோரிக்கைகள் நிலுவையில் உள்ளன” என்று எழுதச் செய்த பிறகே போடுங்கள்.

சால்வைக்கு எந்தச் சட்டமும் சரியான விலை போட முடியாது. கம்பளி நூலின் விலையைத்தான் கொடுப்பார்கள். ஆனால் ஓரம் கிழிந்த பெட்டியிலிருந்து விழுந்தவை எல்லாம் திருடு போனவை அல்ல. சரக்குக் கூடத்தில் கிடந்து, கண்டெடுத்த பொருட்களோடு சேர்ந்துவிடுவதும் உண்டு. நீங்கள் விமானம் மாறிய விமான நிலையத்திலும், வந்து இறங்கியதிலும் கண்டெடுத்த பொருட்களுக்கான அலுவலகம் இருக்கும். இரண்டுக்கும், உங்கள் டேக் எண்ணோடு சால்வையின் நிறம், நீளம், பின்னல் ஆகியவற்றை எழுதி, நீங்கள் அதைப் போர்த்தியிருக்கும் படம் ஒன்றை இணைத்து இன்றே அனுப்புங்கள். அந்த அலுவலகங்கள் பொருட்களைக் குறிப்பிட்ட காலம்தான் வைத்திருக்கும், ஆகவே இழப்பீட்டுக் கடிதத்துக்கு முன்பே இது போகட்டும்.